கொழும்பில் நெரிசல், முல்லைத்தீவில் வெளி: மக்கள் எங்கே வாழ்கிறார்கள், ஏன் இடம் மாறுகிறார்கள்?

2012 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 3,438 பேர். முல்லைத்தீவு மாவட்டத்தில் 38 பேர். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடலாம். ஆனாலும் 90 மடங்கு வித்தியாசம். இந்த இரண்டு எண்களும் எப்படி வந்தன என்று விளங்கிவிட்டால் உலகப் படத்தில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. ஆட்தொகையை நிலப்பரப்பால் வகுத்தால் வருவது குடியடர்த்தி. கொழும்பு மாவட்டத்தில் 2,324,349 பேர், தரை 676 சதுர கிலோமீற்றர். முல்லைத்தீவில் 92,238 பேர், தரை 2,415 சதுர கிலோமீற்றர். வகுத்துப் பார்த்தால் மேலே சொன்ன எண்கள் வரும். பரீட்சைத் தாள்களில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. இலங்கையின் மொத்தப் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். குளம், களப்பு போன்ற நீர்ப்பரப்பைக் கழித்தால் தரை மட்டும் 62,705. எதையும் எடுக்கலாம், ஆனால் ஒப்பிடுகிற இரண்டு இடங்களுக்கும் ஒரே அளவையே எடுக்க வேண்டும். ஒன்றுக்கு மொத்தப் பரப்பும் மற்றதற்குத் தரையும் எடுத்தால், குளங்கள் நிறைந்த வன்னி மாவட்டங்களின் கணக்கு கோணலாகிவிடும்.

அடுத்தது சராசரி. 2012 இல் நாட்டின் சராசரி அடர்த்தி 325. அந்த எண் கொழும்புக்கும் பொருந்தாது, முல்லைத்தீவுக்கும் பொருந்தாது. மாவட்டச் சராசரியும் அப்படித்தான். கொழும்பு மாநகரசபை எல்லை ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். 2012 இல் அதற்குள் 561,314 பேர். சதுர கிலோமீற்றருக்கு 15,000 பேர் என்று வரும். அதற்குள்ளும் துறைமுகத்தின் கொள்கலன் முற்றமும் பொரளையின் கோல்ஃப் திடலும் ஆளில்லாத நிலம். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்துத் ‘தோட்டங்கள்’ நேர்மாறு. கொழும்புத் தமிழில் தோட்டம் என்றால் பூச்செடி நட்ட இடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே குழாயில் பல குடும்பங்கள் தண்ணீர் பிடிக்கும் வரிசை வீடுகள் அவை. அங்கே உண்மையான நெருக்கம் 15,000 ஐ விட எவ்வளவோ கூட. பரப்பைச் சிறிதாக்கச் சிறிதாக்க எண் மாறிக்கொண்டே போகும். எந்த அளவுத் துண்டில் அளந்தார்கள் என்று தெரியாமல் ஓர் அடர்த்தி எண்ணை நம்ப வேண்டாம்.

எகிப்து இதற்கு நல்ல பாடம். பத்து இலட்சம் சதுர கிலோமீற்றர் அளவில் நிலம், 11 கோடி அளவில் மக்கள். வகுத்தால் சதுர கிலோமீற்றருக்கு 110 பேர், அதாவது இலங்கையை விட நெரிசல் குறைந்த நாடு. ஆனால் அந்த மக்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினர் நைல் ஆற்றின் ஓரத்திலும் கழிமுகத்திலும், நாட்டின் 5 சதவீத நிலத்தில் ஒண்டியிருக்கிறார்கள். அந்தத் துண்டை மட்டும் எடுத்தால் அடர்த்தி 2,000 ஐத் தாண்டும். மீதி பாலைவனம். அதனால்தான் பயிர்செய்யக்கூடிய நிலத்தால் வகுக்கும் இன்னொரு முறையும் இருக்கிறது. மண் எவ்வளவு பேரைச் சுமக்கிறது என்பதை அது காட்டும்.

உலகப் பந்தி

உலக சனத்தொகை 2022 நவம்பர் 15 அன்று 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் சபை கணித்தது. முதல் 100 கோடி சேர 1804 வரை, அதாவது மனித வரலாறு முழுவதும் தேவைப்பட்டது. 1927 இல் 200 கோடி, 1960 இல் 300 கோடி, 1974 இல் 400 கோடி, 1987 இல் 500 கோடி, 1999 இல் 600 கோடி, 2011 இல் 700 கோடி. கடைசி 100 கோடிக்கு 11 வருடம்தான். பிறப்பு கூடியதால் இது நடந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இறப்பு குறைந்ததுதான் காரணம். தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், மலேரியா ஒழிப்பு எல்லாம் முதலில் வந்தன. குடும்பங்கள் சிறிதானது ஒரு தலைமுறை கழித்து. அந்த இடைவெளியில்தான் தொகை ஏறியது.

இந்த 800 கோடிப் பேருக்குப் பதிலாக 100 பேரைப் பந்தியில் உட்கார வைத்தால் 59 பேர் ஆசியர், 18 பேர் ஆபிரிக்கர், 9 பேர் ஐரோப்பியர், 8 பேர் இலத்தீன் அமெரிக்காவும் கரிபியனும், 5 பேர் வட அமெரிக்கர். ஒரே ஓர் ஆள் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பசிபிக் தீவுகள் எல்லாவற்றுக்குமாக. அந்த 59 பேரில் பெரும்பகுதி இரண்டு நாடுகள்: இந்தியாவும் சீனாவும். 2023 இல் இந்தியா சீனாவை முந்தியது. பூமத்திய ரேகைக்கு வடக்கே மட்டும் உலக மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர்.

ஏன் இப்படி? பாடப்புத்தகத்தில் நீர், மண், தரைத்தோற்றம், காலநிலை என்று நான்கு சொல்லில் முடித்துவிடுவார்கள். பிழையில்லை, ஆனால் போதாது. சீனாவில் ஹூ ஹுவான்யொங் என்ற புவியியலாளர் 1935 இல் ஒரு கோடு போட்டார். வடகிழக்கே ஹெய்ஹேயிலிருந்து தென்மேற்கே தெங்சோங் வரை சாய்வான நேர்கோடு. கோட்டுக்குக் கிழக்கே நாட்டின் நிலத்தில் பாதிக்கும் குறைவு. ஆனால் மக்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல். அதன் பின் ரயில் வந்தது, அரசு மேற்கே நகரங்கள் கட்டியது, கோடிக்கணக்கானவர்கள் இடம் மாறினார்கள். இன்றைக்கும் கிழக்கே 94 சதவீதத்துக்குக் கிட்ட இருக்கிறார்கள். அந்தக் கோடு ஆண்டுக்கு 400 மில்லிமீற்றர் மழை பெய்யும் எல்லையோடு ஏறத்தாழ ஒட்டிப்போகிறது. அதற்கு மேற்கே மழையை நம்பி உழ முடியாது, ஆடு மாடு மேய்க்கலாம்.

அப்படியானால் மழை கூடினால் மக்கள் கூடுவார்களா? அதுவும் இல்லை. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் சதுர கிலோமீற்றருக்கு 1,100 பேருக்கு மேல். பக்கத்திலுள்ள கலிமந்தானில், அதே கடல், அதே மழை, சுமார் 30 பேர். வித்தியாசம் மண்ணில். ஜாவாவின் எரிமலைகள் சாம்பலைக் கொட்டிக்கொட்டி மண்ணுக்கு உரம் போடுகின்றன. கலிமந்தானில் பெய்யும் மழை மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது, ஈடுசெய்ய எரிமலை இல்லை. ஜாவாவில் நெல் வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் விளையும். கோதுமை விளையும் ஒரு காணியை விட இரண்டு போக வயல் கூட ஆட்களுக்குச் சோறு போடும். அதே நேரம் நாற்று நடவும் களை பிடுங்கவும் கூட ஆட்களைக் கேட்கும். ஆசியாவின் நெற்சமவெளிகள் எல்லாம் நெருக்கமாக இருப்பதற்கு இந்த இரட்டைக் கணக்கு முக்கிய காரணம்.

மழை அதேதான், படம் மாறிவிட்டது

இயற்கை எல்லை போடுகிறது. அதற்குள் யார் எங்கே இருப்பார்கள் என்பதை வரலாறு தீர்மானிக்கிறது. இதற்கு வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. இலங்கையின் ஈரவலயத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை, உலர்வலயத்தில் 1,750 க்குக் கீழ். இன்று மக்கள் அடர்த்தி தென்மேற்கு ஈரவலயத்தில். ஆனால் ஓராயிரம் ஆண்டுக்கும் மேலாக நேர்மாறாக இருந்தது. அநுராதபுரம், பொலன்னறுவை இராச்சியங்கள் உலர்வலயத்தில் குளம் கட்டி, வாய்க்கால் வெட்டி, நெல் விளைத்தன. 13 ஆம் நூற்றாண்டில் படையெடுப்பும் அரசுச் சரிவும் குளப் பராமரிப்பின் முறிவும் சேர்ந்து வர, ஆட்சி தென்மேற்கே நகர்ந்தது. கைவிடப்பட்ட குளங்களில் நுளம்பு பெருகி மலேரியா நிலைத்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள்.

பிறகு என்ன மாறியது? 1940களின் பிற்பாதியில் டி.டி.டி. என்ற பூச்சிகொல்லியைத் தெளிக்கத் தொடங்கினார்கள். நுளம்பு அடங்கியதும் 1949 இல் கல்லோயாத் திட்டம், பின்னர் மகாவலி என்று அரசு நீர்ப்பாசனத்தோடு குடியேற்றங்களையும் கொண்டுபோனது. வெறுங்காடாக வரைபடத்தில் கிடந்த இடங்களில் ஊர்கள் முளைத்தன. குடியேற்றத் திட்டத்தை வெறும் விவசாயத் திட்டமாக மட்டும் படிப்பது அரைகுறைப் படிப்பு. கிழக்கில் அது இன விகிதத்தை மாற்றியது; வாக்குப் பலத்தை மாற்றியது; பின்னால் வந்த போரின் வேர்களில் ஒன்றானது. ஆட்களை எங்கே இருத்துவது என்ற முடிவு எங்கும் அரசியல் முடிவுதான்.

கொழும்பின் கதையும் இயற்கை கொடுத்த வரம் இல்லை. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீராவிக் கப்பல்கள் காலிக்குத்தான் வந்தன. கண்டிக்கு 1867 இல் ரயில் பாதை முடிந்து, மலைநாட்டுக் கோப்பி கொழும்புக்கு இறங்கியது. 1875 இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு அடிக்கல் நட்டார்கள், 1885 இல் முடித்தார்கள். அதற்கு முன் கொழும்பு திறந்த கடல். தென்மேற் பருவக்காற்று வீசினால் கப்பல் நிற்க இடமில்லை. கல்லைப் போட்டு அலையை நிறுத்தியதும் கப்பல் வந்தது, கப்பலோடு வேலை வந்தது, வேலையோடு ஆள் வந்தது. செட்டியார் தெருவும் புறக்கோட்டையும் கொச்சிக்கடையும் துறைமுகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பது தற்செயல் இல்லை.

ஓர் ஊரின் வரவு செலவு

ஓர் இடத்தின் ஆட்தொகையை மாற்றக்கூடியவை நான்கே நான்கு: பிறப்பு, இறப்பு, உள்வரவு, வெளியகல்வு. கற்பனைக்கு 10,000 பேர் உள்ள ஒரு வட்டாரத்தை எடுப்போம். ஒரு வருடத்தில் 120 பிறப்பு, 80 இறப்பு என்றால் இயற்கை அதிகரிப்பு 40. அதே வருடம் 600 பேர் வந்து, 700 பேர் போனால் தேறிய இடப்பெயர்வு கழித்தல் 100. முடிவில் 9,940. இந்த 60 பேர் குறைவைப் பார்த்து ‘பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொன்னால் பெரும் பிழை. 1,300 பேர் இடம் மாறியிருக்கிறார்கள். வீட்டு வாடகை, பாடசாலை அனுமதி, வாக்காளர் பதிவு எல்லாம் அந்த 1,300 ஐப் பொறுத்தது.

யாழ்ப்பாண மாவட்டத்தை இப்படிப் பாருங்கள். இன்றைய எல்லைக்குள், அதாவது 1984 இல் பிரிந்த கிளிநொச்சியை விட்டு, 1981 இல் 738,788 பேர். 2012 இல் 583,882. குறைவு 154,906. போனவர்கள் அவ்வளவுதானா? இல்லை. இடையில் 31 வருடங்களாகப் பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் பிறப்பையும் விழுங்கிவிட்டு மேலதிகமாக ஒன்றரை இலட்சம் குறைய வேண்டுமானால், போரில் இறந்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் சேர்ந்து எவ்வளவு பெரிய தொகையாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

நாட்டு மட்டத்தில் இந்த வரவு செலவு இப்போது வேறு திசைக்குத் திரும்புகிறது. 2023 இல் பதிவான பிறப்பு சுமார் 2.5 இலட்சம், இறப்பு சுமார் 1.8 இலட்சம். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பிறப்பு மட்டும் மூன்றரை இலட்சம் அளவில் இருந்தது. இடைவெளி சுருங்கும்போது, வெளிநாடு போகிறவர்களின் எண்ணிக்கை கணக்கில் கனக்கத் தொடங்கும்.

தள்ளு, இழு, தடை

ஏன் போகிறார்கள் என்பதற்குத் தள்ளு காரணி, இழு காரணி என்று இரண்டு பெட்டி வைத்து நிரப்புவது வழக்கம். வேலையின்மை தள்ளு, சம்பளம் இழு. எவரெட் லீ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1966 இல் இந்த விளக்கத்தை ஒழுங்குபடுத்தியபோது இன்னும் இரண்டைச் சேர்த்தார்: இடையிலுள்ள தடைகள், போகிறவரின் சொந்த நிலை. பாடக் குறிப்புகளில் இந்தக் கடைசி இரண்டும் ஒரு வரியோடு போய்விடும். எங்கள் பார்வையில் அவைதான் முக்கியம். வறுமை என்ற தள்ளு காரணி உலகில் கோடிக்கணக்கானவர்களுக்குப் பொது, போகிறவர்கள் சிலர்தான். சர்வதேச எல்லையைத் தாண்டி வாழ்பவர்கள் 2024 இல் 30.4 கோடிப் பேர், உலக மக்களில் 3.7 சதவீதம். ஆயிரம் பேரில் 963 பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள்.

மலையகத் தமிழரின் வருகையில் எல்லாப் பாகங்களும் தெளிவாகத் தெரியும். தென்னிந்தியாவில் கடன், சாதி ஒடுக்குமுறை, பஞ்சம். 1876-78 தாது வருடப் பஞ்சம் அதில் கொடியது. இங்கே கோப்பித் தோட்டங்களில் கூலி. நடுவே கடல், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடை, வழியெல்லாம் வாந்திபேதி. அந்தத் தடையைத் தாண்ட வைத்தவர் கங்காணி. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து, தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் திரட்டி வந்தார். அந்த முன்பணமே கடனாகி ஆளைக் கட்டியும் போட்டது. கடன் தீர்ந்ததற்கான ‘துண்டு’ கையில் இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடையாது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று, பயிரின் தன்மை. கோப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. ஆட்கள் வந்து, பறித்து, பெரும்பாலும் திரும்பிப் போனார்கள். 1869 இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் பிடித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்ட அளவில் நட்டிருந்தார். தேயிலைக் கொழுந்துக்கு ஓய்வில்லை, வருடம் முழுவதும் பறிக்க வேண்டும். அதற்குக் குடும்பத்தோடு ஆள் தேவைப்பட்டது, லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகள் வந்தன. வந்துபோன பெயர்வு நிரந்தரக் குடியிருப்பாக மாறியதற்கு ஒரு பூஞ்சணமும் ஒரு செடியும் பாதிக் காரணம்.

பிறகு அரசு வந்தது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் இவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியை 1974 இல் இரண்டு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. இங்கேயே பிறந்த பேரப்பிள்ளை ‘திருப்பி’ அனுப்பப்பட்டது தள்ளு பெட்டிக்குள் அடங்குமா, இழு பெட்டிக்குள் அடங்குமா? இரண்டிலும் அடங்காது.

ஏன் அந்த இடம்?

ஏன் போனார் என்பதைவிட ஏன் அங்கே போனார் என்ற கேள்வி கூடப் பலன் தரும். ராவென்ஸ்டைன் என்ற புவியியலாளர் 1885 இல் பிரித்தானியத் தொகைமதிப்பை வைத்துச் சில விதிகள் சொன்னார். பெரும்பாலானோர் கிட்டிய தூரமே போகிறார்கள். தூரம் போகிறவர்கள் படிப்படியாகப் போகிறார்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எதிரோட்டம் உண்டு. கிட்டிய தூரத்தில் ஆண்களைவிடப் பெண்கள் கூட நகர்கிறார்கள். ஹற்றனிலிருந்து ரயிலில் வந்து புறக்கோட்டைக் கடையில் வேலைக்கு நின்று, சில வருடத்தில் கடவுச்சீட்டு எடுத்துக் கட்டாருக்குப் போகும் பொடியனைப் பார்த்தால் படிப்படி என்றால் என்ன என்று விளங்கும். 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்கியிருக்கும் தையல் தொழிலாளிகளைப் பார்த்தால் பெண்களைப் பற்றிய விதி விளங்கும்.

வெள்ளவத்தை ஏன் ‘சின்ன யாழ்ப்பாணம்’ ஆனது? மொரட்டுவையிலும் கடல் இருக்கிறது, ரயில் இருக்கிறது. முதலில் வடக்கிலிருந்து வந்த அரசாங்க உத்தியோகத்தர் சிலர் அங்கே வீடெடுத்தார்கள். அடுத்து வந்தவர் அவர்களின் உறவுக்காரர். கோயில், தமிழ்மொழிப் பாடசாலை, ஊர்ச் சாமான் கிடைக்கும் கடை எல்லாம் கிட்டக் கூடின. ஆபத்துக் காலத்தில் தன் மொழி பேசும் அயல் என்பது பெரிய காப்பு. 1983 க்குப் பின் அந்தத் தேவை இன்னும் கூடியது. பத்தாவது ஆள் வரும்போது வாடகை வேறு இடத்தில் மலிவாக இருந்தாலும் அவர் வெள்ளவத்தைக்கே வருவார். அறை தேடித்தர ஆள், வேலை சொல்ல ஆள், முன்பணத்துக்குக் கைமாற்றுத் தர ஆள் அங்கே இருக்கிறது. சங்கிலிப் பெயர்வு என்று இதைச் சொல்வார்கள். தடையின் உயரத்தைக் குறைப்பதே அந்தச் சங்கிலியின் வேலை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஈழத்தமிழர் குவிந்திருப்பதும் இதே சூத்திரம்.

தடை என்றால் பெரும்பாலும் பணம். அதனால் மிக ஏழைகள் பெரும்பாலும் தூர நாட்டுக்குப் போவதில்லை, போக முடிவதில்லை. ஓரளவு கையிருப்போ, அடகு வைக்க நகையோ, கடன் தர உறவோ உள்ளவரே போகிறார். ஒரு வறிய நாட்டில் வருமானம் கொஞ்சம் உயரும்போது வெளிநாடு போவோர் தொகை முதலில் கூடும், நன்றாக உயர்ந்த பின்பே குறையும். ‘அபிவிருத்தி செய்தால் போகமாட்டார்கள்’ என்று மேடையில் சொல்வது பாதி உண்மை.

போகிறவர்கள் சிக்கிக்கொள்வதும் இந்தத் தடையைத் தாண்டும் இடத்தில்தான். தரகருக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடன், இங்கே காட்டிய ஒப்பந்தம் ஒன்று அங்கே கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம் வேறொன்று, வேலை விசா என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அனுப்புவது. 1985 இல் உருவாக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முகவரின் உரிம இலக்கம் செல்லுபடியாகிறதா என்று பார்ப்பதும், பறப்பதற்கு முன் பதிவு செய்வதும் பேருக்குச் செய்யும் சடங்கு இல்லை. பதிவோடுதான் காப்புறுதி வரும், சிக்கல் வந்தால் முறைப்பாட்டுக்குப் பிடிமானமும் அதுதான்.

2022 இல் தள்ளு காரணி என்றால் என்ன என்று நாடே பார்த்தது. எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை, மின்வெட்டு. அந்த வருடம் வேலைக்கு வெளிநாடு போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். அப்படியானால் வந்த பணமும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. 2021 இல் 5.49 பில்லியன் டொலர், 2022 இல் 3.79 பில்லியன். காரணம் மனிதரில் இல்லை, நாணய மாற்றில். வங்கியில் டொலரை 200 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்த காலத்தில், வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். காசு வீட்டுக்கு வந்தது, வங்கிக் கணக்கில் தெரியவில்லை. 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்ட பின், வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இருந்த இடைவெளி மூடியதும், 2023 இல் 5.97, 2024 இல் 6.57 பில்லியன் என்று ஏறியது. பணம் குறைந்தால் ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று முடிவெடுக்கும் முன் நாணய மாற்று விகிதத்தைப் பாருங்கள்.

சொல்லிலும் எண்ணிலும் கவனம்

தமிழில் இடப்பெயர்வு, புலம்பெயர்வு, குடியேற்றம், மீள்குடியேற்றம் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஈழத்துப் பேச்சில் ‘இடம்பெயர்ந்தோம்’ என்றாலே சண்டைக்கு ஓடியது என்று பொருள். சட்டத்திலும் வித்தியாசம் உண்டு. 1951 அகதிகள் சமவாயத்தின்படி இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு நாட்டெல்லையைத் தாண்டியவரே அகதி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் ‘அகதி முகாமில்’ இருந்தார்கள். சட்டப்படி அவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். உலகிலும் அப்படித்தான்: 2024 முடிவில் வலிந்து பெயர்க்கப்பட்ட 12.3 கோடிப் பேரில் 7.35 கோடிப் பேர் சொந்த நாட்டு எல்லையைத் தாண்டவே இல்லை.

எண்ணிலும் பொறி இருக்கிறது. இலங்கையில் முதல் தொகைமதிப்பு 1871 இல். 1991 இல் எடுக்கவே இல்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மட்டும் முழுமையாக எடுத்தார்கள். வடக்குக் கிழக்குக்கு 1981 க்கும் 2001 க்கும் கோடு இழுத்து ‘வளர்ச்சி வீதம்’ கணக்கிட்ட அட்டவணையைக் கண்டால் ஒதுக்கிவிடுங்கள். அடுத்து, தொகைமதிப்பு எண்ணுவது ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தை. பகலில் கொழும்புக்கு வந்து மாலையில் கம்பஹா, பாணந்துறை ரயிலில் திரும்பும் கூட்டம் நகரின் கணக்கில் இல்லை. கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து இருந்துகொண்டு, கேட்டால் பதுளை விலாசம் சொல்கிறவரும் தவறிப்போகலாம்.

இதைத் தெரிந்துகொண்டால் கொழும்பின் விசித்திரம் ஒன்று விளங்கும். தெருவில் நெரிசல் கூடிக்கொண்டே போனது, மாநகர எல்லைக்குள் குடியிருப்போர் தொகையோ 2001 இல் 6.4 இலட்சத்துக்கு மேலிருந்து 2012 இல் 5.6 இலட்சமாகக் குறைந்தது. வீடு அலுவலகமானது, காணி விலை குடும்பங்களை வெளியே தள்ளியது. அவர்கள் தூரம் போகவில்லை. வத்தளை, களனி, கடவத்தை. ராவென்ஸ்டைனின் முதல் விதி. 2024 தொகைமதிப்பில் நாட்டின் மொத்தம் 2 கோடியே 17 இலட்சத்தைத் தாண்டியது. ஆட்தொகையில் முதலிடத்தைக் கொழும்பு மாவட்டத்திடமிருந்து கம்பஹா எடுத்துக்கொண்டது. எல்லை பழைய இடத்தில் நிற்கிறது. நகரம் களனி ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.